நன்றியைக்கூட நிர்வாகமே அச்சடிக்கும் அரங்கில்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அவையோருக்கும் வணக்கம்.

ஐரோப்பியக் கால்பந்து ரசிகர்களின் பதாகை மரபு அமெரிக்கக் கூடைப்பந்து அரங்குகளுக்கு வேண்டுமா, வேண்டாமா என்பது இன்றைய வழக்கு. வேண்டும் என்ற அணியில் நிற்கிறேன். எனக்கு முன் பேசிய நண்பர் இரண்டு குற்றச்சாட்டுகளை வைத்தார். இது இறக்குமதிச் சரக்கு, அமெரிக்காவில் ஒட்டாது என்றார். பதாகை முன்னால் வந்தால் அடிதடி பின்னால் வரும் என்றார். பலமாகக் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், அழகாகப் பேசினார் என்பதற்காக மட்டும்.

எதைக் கொண்டுவரச் சொல்கிறோம் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். 2013 ஏப்ரல் 9, ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரம். சாம்பியன்ஸ் லீக் காலிறுதி; எதிரில் ஸ்பெயினின் மலாகா அணி. சுமார் 25,000 பேர் நின்றுகொண்டே ஆட்டம் பார்க்கும் தெற்கு கேலரிக்கு மஞ்சள் சுவர் என்று பெயர். அன்று ஆட்டம் தொடங்கும் முன் அந்தக் கூட்டத்தின் நடுவிலிருந்து, கண்ணில் தொலைநோக்கியை வைத்த ஒரு ரசிகரின் பிரம்மாண்ட உருவம் எழுந்தது. தொலைந்த கோப்பையின் தடம் தேடிப் போகிறோம் என்பது கீழே இருந்த வாசகத்தின் பொருள். 1997இல் வென்ற கோப்பை அது. அதற்குப் பிறகு கைக்கு வரவேயில்லை. தொண்ணூறு நிமிடம் முடிந்தபோது டார்ட்மண்ட் 1-2 என்று பின்தங்கியிருந்தது. கூடுதல் நிமிடங்களில் இரண்டு கோல் அடித்து வென்றது. பதாகைதான் கோல் அடித்தது என்று நான் சொல்ல வரவில்லை. கடைசி கோல் ஆஃப்சைடு என்று மலாகாக்காரர்கள் இன்றும் புலம்புகிறார்கள். அதில் நியாயமும் இருக்கிறது.

டிஃபோ என்று அவர்கள் சொல்லும் இந்த வேலையை ரசிகர் குழுக்களே செய்கின்றன. காசு வசூலித்து, ஏதோ ஒரு கிடங்கின் தரையில் துணியை விரித்து, வாரக்கணக்கில் வண்ணம் பூசி, யாருக்கும் தெரியாமல் ஒளித்துவைத்து, ஆட்டத்துக்கு முன் ஓரிரு நிமிடம் காட்டிவிட்டுச் சுருட்டிவிடுகிறார்கள். 1977இல் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்துக்கு ரோமுக்குப் போன லிவர்பூல் ரசிகர்கள், ஜோயி ஜோன்ஸ் என்ற தங்கள் தடுப்பாட்டக்காரரைப் பற்றி ஒரு பதாகை கொண்டுபோனார்கள். வழியில் வீழ்ந்த பிரெஞ்சு, ஸ்விஸ் அணிகளையும் இறுதியில் எதிர்ப்பட்ட ஜெர்மனியின் கிளாட்பாக்கையும் சேர்த்து எழுதியிருந்தார்கள்: ஜோயி தவளைக்கால் தின்றார், சுவிஸ் ரோலை முடித்தார், இப்போது கிளாட்பாக்கை மென்றுகொண்டிருக்கிறார்! எந்த விளம்பர நிறுவனம் இப்படி ஒரு வரி எழுதித் தரும், நடுவர் அவர்களே?

இனி அமெரிக்காவுக்கு வாருங்கள். என்பிஏ என்ற அவர்களின் கூடைப்பந்து லீக்கின் அரங்கில் எப்போது கத்த வேண்டும் என்று தலைக்கு மேலே தொங்கும் திரை சொல்கிறது. பிளே-ஆஃப் வந்தால் இருக்கைக்கு ஒன்றாக ஒரே நிறச் சட்டையை நிர்வாகமே போட்டுவைக்கிறது. தொலைக்காட்சியில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதில் ரசிகருக்கு இருக்கும் வேலை, சட்டையை மாட்டிக்கொள்வது ஒன்றுதான்.

டல்லாஸ் மேவரிக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2024இல் அணியை இறுதித் தொடர்வரை அழைத்துச் சென்ற லூக்கா டான்சிச்சை, 2025 பிப்ரவரித் தொடக்கத்தில், ஊர் உறங்கப்போகும் நேரத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸுக்குக் கைமாற்றிவிட்டார்கள். ரசிகர்கள் என்ன செய்தார்கள்? அரங்குக்கு வெளியே, அணியின் பழைய நட்சத்திரம் டிர்க் நோவிட்ஸ்கியின் சிலையருகே, சவப்பெட்டி கொண்டுவந்து துக்கம் கொண்டாடினார்கள். இந்த ஊர்க்காரர்களுக்குக் கற்பனை இல்லை என்று இனி யாரும் சொல்லக்கூடாது! ஆனால் அந்தக் கற்பனைக்கு அரங்குக்கு உள்ளே இடம் இல்லை. பொது மேலாளர் நிக்கோ ஹாரிசனை நீக்கச் சொல்லிக் குரல் கொடுத்த ரசிகர்கள் சிலர் ஆட்டத்தின் நடுவே வெளியேற்றப்பட்டார்கள். நடத்தை விதிகளை மீறினார்கள் என்றது நிர்வாகம்.

அதே ஆண்டு ஏப்ரல் 9 அன்று லூக்கா எதிரணி வீரராக டல்லாஸுக்குத் திரும்பினார். 45 புள்ளிகள் எடுத்தார். அன்று ஒவ்வோர் இருக்கையிலும் ஒரு சட்டை காத்திருந்தது. எல்லாவற்றுக்கும் நன்றி என்று லூக்காவின் தாய்மொழியான ஸ்லோவேனியத்தில் அதில் அச்சடித்திருந்தார்கள். அவரை அனுப்பிவைத்த அதே நிர்வாகம்தான் சட்டையையும் கொடுத்தது. நன்றி சொல்லும் உரிமையைக்கூட ரசிகரிடம் விட்டுவைக்கவில்லை, நடுவர் அவர்களே! நிக்கோவை நீக்கு என்ற முழக்கம் மட்டும் அச்சடித்துக் கொடுக்காமலேயே வந்தது. மாதக்கணக்கில் ஓயவில்லை. அந்த நவம்பரில் அவரை நீக்கினார்கள்.

எதிரணி நண்பர் சொன்ன இறக்குமதிச் சரக்கு என்ற வாதத்துக்கு வருகிறேன். போர்ட்லாந்து நகரத்தின் நடுவே வில்லமெட் ஆறு ஓடுகிறது. மேற்குக் கரையில் பிராவிடன்ஸ் பார்க் கால்பந்து மைதானம். டிம்பர்ஸ் ஆர்மி என்ற ரசிகர் கூட்டம் அங்கே பல ஆண்டுகளாக ராட்சதப் பதாகைகளைத் தாங்களே வரைந்து, கயிறு கட்டி இழுத்து ஏற்றுகிறது. 2019இல் நாஜி எதிர்ப்புச் சின்னம் ஒன்றைக் கொடியில் காட்டக்கூடாது என்று அமெரிக்கக் கால்பந்து லீக் தடை போட்டது. சியாட்டிலுக்கு எதிரான ஆட்டத்தில் இரண்டு ஊர் ரசிகர்களும் சேர்ந்து முதல் 33 நிமிடம் வாய் திறக்கவில்லை. அந்தச் சின்னத்துக்குரிய அமைப்பை ஹிட்லர் ஆட்சி ஒடுக்கிய ஆண்டு 1933. அடுத்த மாதமே லீக் இறங்கிவந்தது. இவர்கள் இத்தாலியர்களா, செர்பியர்களா? சுத்தமான ஓரிகன்காரர்கள். அதே ஊரில், ஆற்றின் கிழக்குக் கரையில், டிரெய்ல் பிளேஸர்ஸின் கூடைப்பந்து அரங்கு இருக்கிறது. 1977 முதல் 1995 வரை தொடர்ந்து 814 ஆட்டங்களுக்கு டிக்கெட் முழுக்க விற்றுத் தீர்த்த அணி அது. மேற்குக் கரையில் தூரிகை பிடிக்கும் கை, பாலம் தாண்டியதும் மரத்துப்போய்விடுமா?

கூடைப்பந்தே இதற்குத் தோதான ஆட்டம் அல்ல என்று அடுத்துச் சொல்லக்கூடும். செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் போய்ச் சொல்லட்டும். 2009 மார்ச்சில் அந்த ஊர்ப் பார்ட்டிசான் அணி ஏதென்ஸின் பனாத்தினைக்கோஸோடு மோதியபோது அரங்கில் 22,567 பேர் இருந்தார்கள். அங்கும் ஏதென்ஸிலும் கால்பந்து மைதானத்தில் பாடும் அதே கூட்டம்தான் கூடைப்பந்து அரங்கிலும் பாடுகிறது, அதே கொடியோடு. கூரை இருப்பதால் காற்று கிடையாது. உத்தரத்திலிருந்தே துணியை இறக்கலாம். தீப்பிடிக்காத துணி வேண்டும், பந்து உயரும் முன் சுருட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். சொந்த அரங்கின் 41 ஆட்டத்துக்கும் வரையச் சொல்லி யாரும் கேட்கவில்லை. முக்கியமான நான்கைந்துக்குப் போதும்.

அடிதடி பற்றி நண்பர் சொன்னதில் உண்மை இருக்கிறது, மறுக்க மாட்டேன். 2009 செப்டம்பரில் பெல்கிரேடில், கால்பந்து பார்க்க வந்த பிரெஞ்சு ரசிகர் ஒருவரை உள்ளூர் ரசிகர் கும்பல் தாக்கி, அவர் இறந்தே போனார். தீப்பந்தமும் வெறுப்பும் அங்கேயே கிடக்கட்டும்; தூரிகை மட்டும் வரட்டும் என்பதுதான் எங்கள் கட்சி. ஆனால் என்பிஏ வரலாற்றிலேயே மோசமான ரசிகர் கலவரம் எங்கே நடந்தது? 2004 நவம்பர் 19, டெட்ராய்ட் புறநகரான ஆபர்ன் ஹில்ஸில். ஆடுகள ஓரத்து மேசைமேல் படுத்திருந்த இந்தியானா அணி வீரர் ரான் ஆர்டெஸ்ட் மீது கேலரியிலிருந்து ஒரு பானக் கோப்பை வந்து விழுந்தது. அவர் கூட்டத்துக்குள் பாய்ந்தார். அந்தப் பருவத்தின் மிச்சம் முழுக்க அவருக்குத் தடை. அங்கே பதாகைக் குழுவும் இல்லை, கொட்டு அடிப்பவரும் இல்லை. எறிந்த கையைத் தடுக்க யாரும் இல்லை. ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் கூட்டத்தில் கோப்பையை ஓங்கியிருந்தால் பக்கத்திலிருப்பவர் கையைப் பிடித்திருப்பார் என்று நான் நம்புகிறேன்.

பேனர் என்றதும் நண்பருக்கு நம் ஊர்க் கட்-அவுட் ஞாபகம் வந்து சிரித்தார். கட்-அவுட்டில் பெரும்பாலும் வைத்தவர் படமும் ஓர் ஓரத்தில் கும்பிட்டுக்கொண்டு நிற்கும். டிஃபோ வரைந்தவரின் முகத்தை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

லாஸ் ஏஞ்சலிஸின் இன்னொரு அணியான கிளிப்பர்ஸ் 2024இல் திறந்த புதிய அரங்கில், 51 வரிசைகள் இடைவெளியின்றி ஏறும் ஒரு சுவரையே கட்டிவிட்டதே, இதற்குமேல் என்ன வேண்டும் என்று கேட்பார்கள். கட்டியவர் உரிமையாளர் ஸ்டீவ் பால்மர். நல்ல காரியம், வாழ்த்துகிறேன். ஆனால் அது இருக்கை. அதில் உட்காருபவர்கள் தாங்களே எதை எழுதி உயர்த்தலாம் என்பது வேறு கேள்வி. எனக்கு அதைவிட, வாரியர்ஸ் அணி ஆடிய 2007இன் ஓக்லாந்து பிடிக்கும். நாங்கள் நம்புகிறோம் என்று எழுதிய அட்டைகளை ஒரு ரசிகர் தன் செலவில் அச்சடித்து விநியோகித்தார். அந்த ஆண்டு எட்டாம் இடத்தில் நுழைந்த வாரியர்ஸ், 67 ஆட்டங்கள் வென்றிருந்த டல்லாஸை முதல் சுற்றிலேயே வீட்டுக்கு அனுப்பியது. அந்த ஆண்டின் அணிக்கு இன்றுவரை அந்த அட்டையின் வாசகம்தான் செல்லப்பெயர்.

மில்வாக்கியில் 2009இல் அந்த ஊர் அணியின் வீரர் ஆண்ட்ரூ போகட் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் வளர்ந்த குரோஷியக் குடும்பத்துப் பிள்ளை. அரங்கு தூங்குவதைப் பார்த்துவிட்டு, தன் பணத்தில் நூறு டிக்கெட் வாங்கினார்; தேர்வு வைத்துத் தொண்டை வலுத்தவர்களாகப் பொறுக்கி ஒரே பகுதியில் நிறுத்தினார். ஸ்குவாட் 6 என்று பெயர். 6 அவருடைய சட்டை எண். ஓர் ஆட்டக்காரரின் சம்பளத்தில் முடிந்த காரியம் இது.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்து வரும் எதிரணித் தலைவர் ஒரு கணக்கு மட்டும் சொன்னால் போதும்: அரங்கின் ஒரு முனையில் இருநூறு இருக்கைகளை மலிவு விலையில் ஒரு ரசிகர் குழுவுக்குக் கொடுத்து, ஒரு பழைய கிடங்கின் சாவியையும் கொடுத்தால், அணிக்கு எத்தனை டாலர் நஷ்டம்? சொல்லட்டும், உட்கார்ந்து கேட்கிறேன். நன்றி, வணக்கம்.