மாத்திரை அட்டையும் கொரியாக்காரர் கணக்கும்

(குடியாத்தத்தில் பீடித் தொழிலாளர் குடும்பங்களுக்கான மருத்துவ முகாமில் பேசியது)

அம்மாமார்களே, அண்ணன்மார்களே, வணக்கம்.

எங்கள் பெரியப்பா சட்டைப் பையில் எப்போதும் ஒரு மாத்திரை அட்டை இருக்கும். "கேஸுப்பா, வேற ஒண்ணுமில்ல" என்பார். தீர்ந்ததும் மெடிக்கலில் இன்னொரு அட்டை. எட்டு மாதம் இப்படியே ஓடியது. அதற்குள் அவருடைய அரைஞாண் கயிற்றைப் பெரியம்மா இரண்டு முறை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டார்கள். கடைசியில் வாய் வழியாகக் குழாய் விட்டு எண்டோஸ்கோபி பார்த்து, ஸ்கேனும் எடுத்தபோது, இரைப்பைப் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியிருந்தது.

2018-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் கான்கார்ட்-3 என்ற ஆய்வு வந்தது. 71 நாடுகள், 3.75 கோடி நோயாளிகள். 2010 முதல் 2014 வரை இரைப்பைப் புற்று கண்டறியப்பட்டவர்களில் ஐந்து ஆண்டு தாண்டியவர்கள், மற்ற காரணச் சாவுகளைக் கழித்துப் பார்த்தால், தென்கொரியாவில் நூற்றுக்கு 69 பேர், ஜப்பானில் 60. அமெரிக்காவில் 33, பிரிட்டனில் 21 தான். அமெரிக்காவில் டாக்டருக்கோ பணத்துக்கோ பஞ்சமா?

வித்தியாசம் நோயைப் பார்க்கிற நாளில் இருக்கிறது. கொரியாவிலும் ஜப்பானிலும் இந்த நோய் அதிகம். அதனால் வலி வரும்வரை அவர்கள் காத்திருப்பதில்லை. கொரியாவில் 40 வயதானால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அரசுத் திட்டத்திலேயே வயிற்றுப் பரிசோதனை. ஜப்பானில் 1960-களிலேயே எக்ஸ்ரேயில் வயிற்றின் உள்வடிவத்தைக் காட்டும் பேரியம் கரைசலைக் குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். உள்தோலோடு நிற்கும் புற்றைப் பல நேரம் வயிற்றைக் கிழிக்காமல், எண்டோஸ்கோபிக் குழாய் வழியாகவே சுரண்டி எடுத்துவிடலாம்.

"முன்னாலேயே கண்டுபிடித்தால், சாகிற நாள் மாறாவிட்டாலும் கணக்கில் ஆண்டு கூடத்தானே செய்யும்?" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் கொரியாவில் இந்த நோயால் சாகிறவர்களின் விகிதமும் நன்றாக இறங்கியிருக்கிறது.

நம் ஊரில் எல்லோருக்கும் குழாய் விட்டுப் பார்க்க முடியாது, அந்த அளவுக்கு நோயும் இங்கே இல்லை. ஆனால் நாம் செய்கிற ஒரு தவறு எனக்குப் பொறுக்கவில்லை. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை புற்றுப் புண்ணைக்கூடக் கொஞ்ச நாள் ஆற்றிக் காட்டும். எரிச்சல் அடங்கியதும் நோய் போய்விட்டது என்று நம்பிவிடுகிறோம். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிரம்புவது, எடை இறங்குவது, சோறு இறங்காமல் தொண்டையில் நிற்பது, ரத்தசோகை, தார் மாதிரிக் கறுத்த மலம் — இதில் ஒன்று இருந்தாலும் மாத்திரை வாங்கிச் சமாளிக்காதீர்கள். பீடி இந்த நோய்க்கும் ஒரு காரணம். சுருட்டிப் பிழைக்கிற வீடுகளில் இதைச் சொல்வது எனக்குக் கஷ்டம்தான், ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

இடது பக்கம் மேசை போட்டிருக்கிறோம். 40 தாண்டியவர்கள், மூன்று வாரத்துக்கு மேல் கேஸ் மாத்திரை போடுகிறவர்கள், அந்த அட்டையைக் கையோடு கொண்டு வாருங்கள். எத்தனை நாளாகப் போடுகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். தேவைப்படுகிறவர்களுக்கு அடுக்கம்பாறை பெரியாஸ்பத்திரிக்கு இன்றைக்கே சீட்டு எழுதித் தருகிறோம்.