யாருடைய ஓட்டு வேண்டாம்?

தலைவர் அவர்களே, நண்பர்களே, வணக்கம்.

மதக் கட்சிகளால் சமூக ஒற்றுமை கெடுகிறதா என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ‘கெடுகிறது’ என்று ஒரே வரியில் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். திருநெல்வேலியில் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முஸ்லிம் லீக் கட்சியை நடத்திய தலைவர் காயிதே மில்லத் முகமது இஸ்மாயில் சாகிப் பிறந்தது இங்கே பேட்டையில்தான்.

1909-இல் ஆங்கிலேய அரசின் மிண்டோ-மார்லி சீர்திருத்தம் முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதிகளைக் கொண்டுவந்தது. இன்றைய ரிசர்வ் தொகுதியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ரிசர்வ் தொகுதியில் நிற்பவர்தான் பட்டியல் சமூகத்தவராக இருக்க வேண்டும். ஓட்டு எல்லோரும் போடலாம். 1909-இல் வந்த தனி வாக்காளர் தொகுதிகளிலோ நிற்பவரும் முஸ்லிம், ஓட்டுப் போடுபவரும் முஸ்லிம். அடுத்த தெருவில் இருக்கும் இந்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டிய வேலையே வேட்பாளருக்குக் கிடையாது. பொதுத் தொகுதியில் நின்றவருக்கும் முஸ்லிம் வீட்டில் வேலை இல்லை. அப்புறம் என்ன, தன் ஆட்களை யார் அதிகம் பயமுறுத்துகிறாரோ அவருக்கு ஆதாயம். 1945 கடைசியில் நடந்த மத்திய சட்டசபைத் தேர்தலில் முஸ்லிம் இடங்கள் 30-ஐயும், பாகிஸ்தான் கேட்ட முஸ்லிம் லீக் அள்ளியது. 1947-இல் நாடு இரண்டானது. பிரிவினைக்குத் தேர்தல் முறை ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சேர்ந்து வாழ்வோம் என்று பேசியவர்களுக்கு அந்த முறையில் ஓட்டு விழ வழியே இல்லை.

1948 மார்ச் 10, சென்னை ராஜாஜி மண்டபம். பிரிவினைக்குப் பிறகு இந்தியாவில் மிஞ்சிய முஸ்லிம் லீகைக் கலைத்துவிடுங்கள் என்று நாலாபக்கமும் நெருக்கியபோது, இந்திய யூனியன் முஸ்லிம் லீக் என்ற பெயரில் அதைத் தொடர்ந்து நடத்துவதென்று இஸ்மாயில் சாகிப் முடிவெடுத்தார். அரசியல் நிர்ணய சபையிலும் தனி வாக்காளர் தொகுதி கேட்டார். கிடைக்கவில்லை. அது அவருக்குத் தோல்விதான். அவர் கட்சிக்கே அது நல்லதாகப் போயிற்று என்பது என் கணிப்பு. ஏனென்றால் இனி ஜெயிக்க வேண்டுமானால் மற்றவர்களோடு சேர்ந்தாக வேண்டும். 1967-இல் இங்கே அண்ணாவோடு கூட்டணி வைத்தார்கள். அங்கே கேரளத்தில் கம்யூனிஸ்ட் முதல்வர் இ.எம்.எஸ். அமைச்சரவையில் இடம் பிடித்தார்கள். 1979-இல் லீகின் சி.எச். முகமது கோயா கேரள முதலமைச்சராகவே ஆனார். சட்டமன்றத்தில் லீகுக்குப் பெரும்பான்மை கிடையாது. மற்றக் கட்சிக்காரர்கள் கைதூக்கித்தான் அது நடந்தது.

1992 டிசம்பரைப் பாருங்கள். பாபர் மசூதி இடிக்கப்பட்டது. டெல்லியில் ஆட்சி காங்கிரஸ் கையில். கேரளத்தில் அதே காங்கிரஸோடு லீக் மந்திரிசபையில் இருந்தது. ‘வெளியே வாருங்கள்’ என்று இளைஞர்கள் கொதித்தார்கள். லீகின் கேரளத் தலைவர் பாணக்காடு சிஹாப் தங்ஙள் அமைதி காக்கச் சொன்னார். அதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. அகில இந்தியத் தலைவராக இருந்த இப்ராகிம் சுலைமான் சேட்டே 1994-இல் விலகித் தனிக்கட்சி கண்டார்.

சரி, எல்லோரும் ஓட்டுப் போடும் பொதுத் தொகுதி வந்தாயிற்று, பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. சிறுபான்மையினர் கட்சி தனக்கு வெளியே ஓட்டுக் கேட்காமல் பிழைக்க முடியாது. பெரும்பான்மையினரைத் திரட்டும் கட்சிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 2014-இல் பா.ஜ.க. 282 இடங்களில் ஜெயித்தது. அந்த 282 பேரில் ஒரு முஸ்லிம்கூட இல்லை. இத்தனைக்கும் அந்தக் கட்சியின் பெயரில் மதம் இல்லை. பெயரில் முஸ்லிம் என்று வைத்திருந்த கட்சிதான் மற்றவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றது. பலகையைப் பார்த்துக் கட்சியை எடைபோடக் கூடாது என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

பெயரில் மதம் வரக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்கக் கூடாது என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. வேட்பாளரின் மதத்தை மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் அது முறைகேடுதான் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 4-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அது மேடையில் பேசுவதைத்தான் பிடிக்கும். ஒரு தெருவுக்குள் பிரசார வேன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்றால், அதைப் பிடிக்கச் சட்டத்தில் பிரிவு கிடையாது.

நேரமாகிவிட்டது, கேள்விகளுக்கு வருவோம்.