காதுக்காகக் கட்டிய ஆலயம்

(சேலத்தில், பழைய கட்டடங்களில் ஆர்வமுள்ளோர் கூட்டத்தில் பேசியது)

பெரியோர்களே, நண்பர்களே,

சேலத்தில் பழைய சர்ச் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கிறைஸ்ட் சர்ச். சென்னை செனட் ஹவுஸை வடிவமைத்த அதே ராபர்ட் சிசம் வரைந்தது. உள்ளே நுழைந்தால் கண் நேராக, நற்கருணை நடக்கும் பீடத்துக்குப் போகும். நான் பேச வந்தது வேறு ஜாதிக் கட்டடம். மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சிற்றாலயத்தில் கண்ணுக்கு வேலை குறைவு, எல்லாம் காதுக்குத்தான்.

அந்தப் பிரிவைத் தொடங்கிய ஆங்கிலேயப் போதகர் ஜான் வெஸ்லி 1739-இல் பிரிஸ்டலில் எழுப்பிய 'நியூ ரூம்'தான் இதில் மூத்தது. கோபுரம் கிடையாது. கூரை நடுவில் எண்கோணக் கூண்டு, அதன் வழியே வெளிச்சம். மாடியில், ஊர் ஊராகப் போகும் போதகர்கள் தங்க அறைகள்.

பின்னால் வெஸ்லி விதியே எழுதிவைத்தார். இடம் இருந்தால் எண்கோணமாகக் கட்டுங்கள், குரலுக்கு அதுதான் நல்லது என்றார். பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் தூரம் குறையும் அல்லவா? கூரை, அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயரக் கூடாது. பெஞ்சுக்குச் சாய்மானம் வேண்டாம். (நீண்ட பிரசங்கத்துக்கு இது கொஞ்சம் கொடுமைதான்!) ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே ஒரு கம்பித் தடுப்பு. நம் ஊர்ச் சபைகளில் தடுப்பு இல்லாமலே இது நடக்கிறது.

1764-இல் யார்க்ஷயர் மலைக்கிராமமான ஹெப்டன்ஸ்டாலில் எழுந்த எண்கோண ஆலயம் இன்றும் இருக்கிறது. ஆனால் சபை பெருகியதும் அதை இழுத்து நீட்ட வேண்டியதாயிற்று. எண்கோணத்தின் தொல்லை அதுதான்; ஒரு பக்கம் தொட்டால் வடிவமே போய்விடும். 1778-இல் லண்டன் சிட்டி ரோட்டில் வெஸ்லி திறந்த ஆலயமே நீள்சதுரம்தான்.

நமக்கு இதில் என்ன? சேலத்தில் 1827-இல் வேலை தொடங்கிய லண்டன் மிஷன் என்ற மிஷனரி சங்கம் மெதடிஸ்ட் அல்ல. ஆனால் அவர்களுக்கும் பிரசங்கமே பிரதானம். 1947 செப்டம்பர் 27-இல் அந்த மரபும் மெதடிஸ்டுகளும் ஆங்கிலிக்கன்களும் (இங்கிலாந்துத் திருச்சபை மரபினர்) சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனார்கள். பீடத்தைப் பார்த்துக் கட்டியதும் பிரசங்கத்தைக் கேட்கக் கட்டியதும் ஒரே குடைக்குள் வந்தன. அதனால் புதுப்பிக்கும்போது எல்லாவற்றையும் ஒன்றுபோல ஆக்கிவிடுகிறோம்: பிரசங்கபீடம் ஓரத்துக்கு, தரைக்கு டைல்ஸ், மேலே ஃபால்ஸ் சீலிங். பிறகு எதிரொலி தாங்காமல் இன்னும் நாலு ஸ்பீக்கர்!

சபைக் கமிட்டியில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மைக்கை அணைத்துவிட்டு, பிரசங்கபீடத்திலிருந்து ஒருவரைப் பைபிளில் ஒரு சங்கீதம் வாசிக்கச் சொல்லி, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேளுங்கள். டைல்ஸ் கடைக்கு அதன் பிறகு போகலாம்.