பால்வாளியும் நுண்ணோக்கியும்

நேயர்களுக்கு வணக்கம். தொழில்மயம் என்றால் மான்செஸ்டர் புகைபோக்கிகளில் தொடங்குவதுதான் வழக்கம். நான் மலேசியாவின் பினாங்குத் துறைமுகத்திலிருந்து தொடங்குகிறேன். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் பிரான்சிஸ் லைட் இத்தீவில் 1786-இல் கொடியேற்றினார். அதற்கு முந்தைய ஆண்டில்தான் எட்மண்ட் கார்ட்ரைட் இங்கிலாந்தில் விசைத்தறிக்கு முதல் காப்புரிமை பெற்றிருந்தார். சோழமண்டலக் கரையிலிருந்து கைத்தறித் துணி கொண்டுவந்து இங்கே விற்ற நம் வணிகர்கள், நாளடைவில் ஆலைத் துணியோடு மல்லுக்கட்ட நேர்ந்தது. முடிவு தெரிந்த கதைதான்.

ஆனாலும், இந்நாட்டுத் தமிழரில் பெரும்பாலோருடைய வாழ்வை மாற்றியது ரப்பர். 1888-இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார்; 1913-இல் ஃபோர்டு நகரும் பட்டையில் உறுப்புகளைப் பொருத்திக் கார்களை உருவாக்கத் தொடங்கினார். காருக்கு டயரும், டயருக்கு ரப்பரும், ரப்பருக்கு ஆளும் தேவைப்பட, நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் பினாங்கில் வந்து இறங்கினார்கள். 1929-க்குப் பிந்தைய மந்தத்தில் அமெரிக்காவில் கார் விற்பனை படுத்ததும், இங்கே கூலி குறைக்கப்பட்டு ஆயிரக்கணக்கானோர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். தாம் ஒருநாளும் கண்டிராத ஆலையின் ஏற்ற இறக்கத்துக்கு அவர்கள் அடுப்பு எரிந்தது, அணைந்தது.

ரப்பர் தோட்டத்தை வேளாண்மையின் கணக்கில் சேர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. அது கூரையில்லாத தொழிற்சாலை. தீவுக்கு எதிர்க்கரையான செபராங் பிறையில் ரப்பர் பால்வெட்டிய என் தாயார், இருட்டோடு எழுந்து பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்பில் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றி விளக்குடன் தமக்குரிய மரவரிசையான நிரைக்குப் போவார். பட்டையை உளியால் மெல்லியதாகச் சீவ வேண்டும்; ஆழமாகப் பட்டால் மரம் காயப்படும், தோட்டத்துக் கணக்கரான கிராணியின் ஏச்சும் விழும். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். மழை பெய்தால் வேலையும் இல்லை, அன்றைய கூலியும் இல்லை. மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிச் சுமந்துபோய் நிறுத்துக் கொடுத்தால்தான் அன்றைய கணக்கு முடியும். குடியிருந்த லயம் எனும் வரிசை வீடும் தோட்டத்துக்கே சொந்தம் என்பதால், வேலை போனால் வீடும் போய்விடும்.

1969-இல் பினாங்கு வரியில்லாத் துறைமுகம் என்ற தகுதியை இழந்தது. இளைஞர்கள் வேலையின்றித் திரிந்தார்கள். லிம் சோங் இயூ தலைமையிலான மாநில அரசு அந்நிய நிறுவனங்களை அழைத்தது. 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரம் உருவானது. மின்னணுச் சில்லு செய்யும் அமெரிக்க நிறுவனமான இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை அங்கேதான் அமைத்தது. அந்த வட்டாரத்து ஆலை ஒன்றில் என் அக்கா ஆபரேட்டராகச் சேர்ந்தார். நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லின் முனைகளில் இணைக்கும் வேலை. ஷிப்ட் முடிந்து வந்தால், கண்களில் ஈரத் துணியைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார்.

அம்மாவின் சம்பளம் அப்பாவின் சம்பளத்தோடு சேர்ந்து கடைக் கணக்கிலேயே கரைந்துபோகும். அக்காவின் சம்பளமோ அவர் பெயர் அச்சிட்ட சீட்டோடு வந்தது. தையல் இயந்திரம் வாங்கினார், தம்பியின் படிப்புக்குக் கட்டணம் கட்டினார், வந்த வரன் இரண்டைத் தாமே வேண்டாம் என்றார். வீட்டில் அவர் பேச்சுக்கு எடை கூடியது. அம்மாவுக்கு அதில் பெருமை, அப்பாவுக்குக் கொஞ்சம் சங்கடம்.

ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது. காட்டில் பால்வெட்டிய அம்மாவுக்கு 1954-இலேயே தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் இருந்தது. குளிரூட்டிய அறையில் வேலைசெய்த அக்காவுக்கு நெடுங்காலம் சங்கமே கிடையாது. மின்னணுத் துறையில் 1988-இல்தான் அந்தந்த நிறுவனத்துக்குள் சங்கம் அமைக்க அரசு இசைந்தது.

1985-இல் தீவையும் செபராங் பிறையையும் இணைக்கும் பாலம் திறந்தபின் அக்கா பெர்ரியை விட்டுத் தொழிற்சாலைப் பேருந்தில் கடலைக் கடந்தார். பாலத்துக்குத் தெற்கே ஜெரேஜா தீவு தெரியும். கப்பலில் வந்த எங்கள் தாத்தாவை இறங்கியதும் தொற்றுத்தடுப்பு முகாமில் வைத்திருந்த தீவு அது. இரவு ஷிப்ட் முடிந்து திரும்பும்போது அதைப் பார்த்ததுண்டா என்று ஒருமுறை அவரிடம் கேட்டேன். "பஸ்ஸில் ஏறினதும் தூங்கிடுவேன்டா" என்றார்.