கேட்டோம், கேட்கிறோம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சுங்கை சிப்புட் பெருமக்களே, வணக்கம். இணையத்தால் மக்கள் குரல் வலுத்ததா, சிதறியதா என்பது தலைப்பு. வலுத்தது என்று பேச வந்திருக்கிறேன்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்குப் போனவர்கள், இல்லையென்றால் போனவர்களின் பிள்ளைகள். விடியுமுன் வரிசையில் நின்றோம். தோட்டக் கணக்கரான கிராணி பேர் கூப்பிடுவார், மேற்பார்வை பார்க்கும் மண்டோர் வேலை சொல்வார், நாம் கேட்டுக்கொள்வோம். பத்திரிகையும் வானொலியும் நமக்கு அப்படித்தான் இருந்தன. பத்திரிகைக்காரர்களைக் குறை சொல்லவில்லை. நம் மலேசியாவின் 1984ஆம் ஆண்டு அச்சகச் சட்டப்படி அவர்கள் வருடா வருடம் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். 2012 வரை அதுதான் நிலை. எழுதுகிற கைக்கு அந்த நினைப்பு இருக்கத்தானே செய்யும்?

இணையத்துக்கு அந்த உரிமம் தேவைப்படவில்லை. 1996இல் தகவல் தொழில்நுட்பத்தை வளர்க்க மல்டிமீடியா பெருவழித் திட்டத்தைத் தொடங்கியபோது, இணையத்தைத் தணிக்கை செய்ய மாட்டோம் என்று அரசு வாக்குக் கொடுத்தது. அந்த வாசல் வழியாக 1999இல் மலேசியாகினி என்ற இணையச் செய்தித்தளம் வந்தது, பின்னாலேயே வலைப்பதிவர்கள் வந்தார்கள். 2008 மார்ச் 8 தேர்தலில் நாடாளுமன்றத்தின் 222 இடங்களில் 82 எதிர்க்கட்சிகளுக்குப் போயின. வலைப்பதிவு எழுதி அறியப்பட்ட ஜெஃப் ஊய் பினாங்கின் ஜெலுத்தோங் தொகுதியில் வென்றார். நம் தொகுதியில் 1974 முதல் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சாமிவேலு தோற்றார். எல்லாம் இணையத்தால் நடந்தது என்று சொல்ல மாட்டேன், 2007 நவம்பர் 25இல், இந்தியர் உரிமை கேட்ட இண்ட்ராஃப் பேரணியில், கோலாலம்பூர் வீதியில் நடந்தவை கால்கள்தான். ஆனால் அங்கே நடந்ததை அன்று இரவே நாம் பல வாய் வழியாக அறிந்தோம். ஒரே வாய் சொல்லிக் கேட்கவில்லை.

எதிரணித் தலைவர், 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோனதைச் சொல்லி வருந்தினார். எனக்கும் அது வலிதான், ஐயா. தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்து வாசலில் என் தாத்தாவுக்கு அதை எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டித்தான் நான் தமிழ் கற்றேன். முதலில் மரண அறிவிப்பு, அப்புறம் மற்றதெல்லாம். ஆனால் பால்மரத்தைப் பற்றியும் கூலியைப் பற்றியும் சொல்ல எவ்வளவோ வைத்திருந்த அந்த மனிதர், கடைசி வரை பத்திரிகைக்கு ஒரு வரி எழுதியதில்லை. எழுதலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. இன்று நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்ற கைப்பேசித் தமிழ் விசைப்பலகையில், செம்பனைக் காட்டில் நின்றபடியே ஒரு பிள்ளை தமிழில் தட்டிவிடுகிறது.

சரி, பொய்யும் அதே வழியில்தானே வருகிறது என்றார்கள். வருகிறது. போன வருடம் தமிழ்ப்பள்ளியை மூடப்போகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்து, பெற்றோர் கலங்கிப்போனார்கள். மதியத்துக்குள் பள்ளி வாரியத்தில் இருக்கும் ஒருவர் அதே குழுவில், அப்படி ஒன்றும் இல்லை என்று எழுதி, கூட்டக் குறிப்பையும் படம் பிடித்துப் போட்டார். மாலையில் பேச்சு அடங்கியது. அந்தக் காலத்திலும் தோட்டத்தில் வதந்தி இருந்தது. லயம் லயமாகப் போகும், யார் சொன்னது என்று பிடிக்க முடியாது. இப்போது யார் சொன்னது, யார் மறுத்தது இரண்டும் ஒரே இடத்தில் நிற்கின்றன.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். எங்கள் பக்கத்து வீடுகளில் குழாயைத் திறந்தால் தேயிலைச் சாயம் போலத் தண்ணீர் வந்தது. மனு மேல் மனு கொடுத்தும் பதில் இல்லை. ஐந்தாம் படிவம் படிக்கும் பெண் ஒருத்தி, வெள்ளைச் சட்டையை அந்தத் தண்ணீரில் அலசி, அலசுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படத்தை பேஸ்புக்கில் போட்டாள். கீழே வேறு மூன்று தோட்டங்களிலிருந்து, "எங்களுக்கும் இப்படித்தான்" என்று சட்டைப் படங்கள் வந்தன. நமக்கு மட்டும்தான் இந்தக் கஷ்டம் என்று நான்கு இடத்திலும் தனித்தனியாக நினைத்துக்கொண்டிருந்தோம். அடுத்த வாரம் அதிகாரிகள் வந்து குழாயைத் திறந்து பார்த்தார்கள். அவர்கள் போனதும் எதிர்வீட்டுப் பாட்டி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "ஆத்தா, நம்ம ரோட்டு விளக்கு எரியறதில்லையே, அதையும் படம் எடுப்பியா?" என்று கேட்டார்.

நன்றி, வணக்கம்.