பழைய மேசை நாற்காலிக்கு பெயிண்ட், பாலிஷ்: நாமளே செய்யலாமா, ஆள் வைக்கணுமா?

வணக்கம் மக்களே. வீட்ல பழைய அலமாரி, மேசை இருக்கு, ஆள் வச்சு அடிக்கிறதா, நாமளே அடிச்சுக்கலாமான்னு நிறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க. நான் என்ன நினைக்கிறேங்கிறதை முதல்லயே சொல்லிடுறேன். பெயிண்ட்னா பெரும்பாலும் நீங்களே அடிங்க. மரத்தோட ரேகை தெரியுற மாதிரி ஸ்டெயின் (மரத்துக்குக் கலர் ஏத்துற சாயம்), பாலிஷ் வேணும்னா, அதுவும் பெரிய மேசைப் பலகைன்னா, கை தேர்ந்த ஆள்கிட்ட குடுத்துடுங்க.

ஏன்னா பெயிண்ட் மரத்துக்கு மேல உக்காரும், ஸ்டெயின் மரத்துக்குள்ள இறங்கும். பெயிண்ட்ல ஒரு இடம் வழிஞ்சுட்டா, காஞ்ச பிறகு தேய்ச்சு விட்டுட்டு இன்னொரு கோட் குடுத்துக்கலாம். ஸ்டெயின் இறங்கிடுச்சுன்னா, அதை எடுக்க மரத்தையே சுரண்ட வேண்டியிருக்கும்.

கேமராவைக் கொஞ்சம் கிட்ட கொண்டுவரேன், ஸ்டெயின் போட்ட இந்த டிராயர் முகப்பைப் பாருங்க. முன்பக்கம் ஒரே சீரா இளம்பழுப்பா இருக்கு. இப்ப ஓரத்துக்கு வாங்க, பலகையை குறுக்கா அறுத்த முனை. கிட்டத்தட்ட கறுப்பு! அதே டப்பா, அதே துணி, அதே நேரத்துல துடைச்சதுதான். அறுத்த முனையில மரத்தோட நுண்குழாய் எல்லாம் வாயைத் திறந்துட்டு இருக்கும், அதனால கலரை அளவுக்கு மீறி உறிஞ்சுடும். விவரம் தெரிஞ்ச பாலிஷ்காரங்க அந்த முனையை மட்டும் இன்னும் நைசான உப்புத்தாள்ல தேய்ச்சு, உறிஞ்சுறதைக் குறைச்சுட்டுத்தான் கலரைத் தொடுவாங்க. பைன் மாதிரி மென்மரம்னா பலகை நடுவுலயே திட்டுத்திட்டா பிடிக்கும். மூட்டுல வழிஞ்ச பசையைச் சரியா எடுக்கலைன்னா அங்க கலரே ஏறாது, வெளிறிப்போய் தழும்பா நிக்கும். கலர் போட்ட பிறகுதான் அது கண்ணுக்கே தெரியும், அதுதான் கொடுமை.

இன்னொண்ணு, வெனீர். மேல ஒட்டியிருக்கிற மர ஏடு பல சமயம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதுமேல சாண்டிங் மெஷினை வச்சு அழுத்தினா அடியில இருக்கிற ப்ளைவுட் வெளிய வந்துடும், அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. உங்க மேசை முழு மரமா வெனீரான்னு தெரியணுமா? மேல ஓடுற ரேகை, விளிம்பு தாண்டி பக்கவாட்டுலயும் தொடர்ச்சியா இறங்குதான்னு பாருங்க. இறங்கினா பெரும்பாலும் முழு மரம். இல்லைன்னா, விளிம்புல ஒரு மெல்லிசு கோடு தெரிஞ்சா, மெஷினைத் தொடாதீங்க.

சரி, நாமளே பெயிண்ட் அடிக்கிறோம்னு வைங்க. பிரஷ் பிடிக்கிறது வேலையில ரொம்பச் சின்னப் பங்குங்க. முதல்ல கழுவணும். எண்ணெய்ப்பிசுக்கு, பழைய மெழுகு இதெல்லாம் இருக்கிறப்பவே தேய்ச்சா அழுக்கைப் பலகை முழுக்க இழுத்து விடுற மாதிரிதான், பிரைமர், அதாவது பெயிண்டுக்கு முன்னாடி அடிக்கிற அடிப்பூச்சு, பிடிக்காது. அதுக்கப்புறம் உப்புத்தாள். 120, 180, 220ன்னு (நம்பர் கூடக் கூட தாள் நைசா இருக்கும்) வரிசையா, ரேகை ஓடுற பக்கமே தேய்க்கணும். நடுவுல ஒண்ணைத் தாண்டிட்டா முந்தின தாளோட கீறல் அப்படியே நிக்கும். ஃபோன் டார்ச்சைப் பலகையோட ஒட்டி, சாய்வா அடிச்சுப் பாருங்க, அந்தக் கீறல் எல்லாம் நல்லா தெரியும். ஸ்டெயின் போடப் போறவங்க இதைக் கண்டிப்பா பாக்கணும், ஒவ்வொரு கீறலும் கலரைக் குடிச்சுட்டு கோடா நிக்கும். பழைய பெயிண்ட் கெட்டியா பிடிச்சிருந்தா முழுசா உரிக்க வேண்டாம், பளபளப்பு போற அளவுக்குத் தேய்ச்சா போதும். கருத்த மரத்துமேல வெள்ளை அடிக்கிறவங்க, ஷெல்லாக் (அரக்கு) கலந்த பிரைமர் ஒரு கோட் குடுத்துடுங்க. இல்லைன்னா கணு இருக்கிற இடத்துல கொஞ்ச நாள்ல மஞ்சளா ஊறி வரும்.

அடிச்ச பெயிண்ட் தொட்டா ஒட்டலைங்கிறதுக்காக மேல சாமானைத் தூக்கி வச்சுடாதீங்க. முழுசா இறுக சில வாரம்கூட ஆகலாம். கண்ணுக்குத் தெரியாத இடத்துல நகத்தை வச்சு லேசா அழுத்துங்க. பள்ளம் விழுந்தா இன்னும் பச்சையாதான் இருக்குன்னு அர்த்தம்.

ஆள் வைக்கிறவங்களுக்கு, எத்தனை கோட்னு மட்டும் கேட்டு விட்டுடாதீங்க. கோட்டுக்கு முன்னாடி என்ன பண்ணுவீங்கன்னு கேளுங்க. பழைய பாலிஷை உரிப்பாங்களா, இல்ல அதுமேலயே போடுவாங்களா? ஸ்பிரேயா, பிரஷ்ஷா? தூசி அடங்கின இடத்துல வச்சு அடிப்பாங்களா? அலமாரிக் கதவு மாதிரி பட்டையான இடத்துல நல்ல ஸ்பிரே குடுக்கிற வழுவழுப்பைக் கையால கொண்டுவர்றது ரொம்பக் கஷ்டம், அதுக்குக் காசு குடுக்கலாம், தப்பே இல்லை. கலரை அட்டையில பாத்து முடிவு பண்ணாதீங்க. அதே மேசையோட அடிப்பக்கத்துல போட்டுக் காட்டச் சொல்லுங்க, மேல் பூச்சோட சேர்த்து. நல்ல வேலைக்காரங்க இதைக் கேட்டா கோவிச்சுக்க மாட்டாங்க.

ரொம்பப் பழைய பெயிண்ட்னா அதுல ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. சோதிச்சுப் பாக்காம தேய்க்கவே கூடாது, அந்தத் தூசி குழந்தைகளுக்கு அவ்வளவு கெடுதல். ஈயம் இருந்தா, அந்த வேலையை அதுக்குன்னு பயிற்சி இருக்கிறவங்ககிட்ட விட்டுடுங்க.

அப்புறம் ஆளி விதை எண்ணெய் சேர்ந்த ஸ்டெயின், எண்ணெய்ப் பூச்சு உபயோகிக்கிறவங்க துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில போடாதீங்க. அந்த எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டின துணிக்குள்ள சூடு அடைஞ்சு, யாரும் பத்த வைக்காமலே தீப்பிடிக்கும். வெளிய ஒவ்வொண்ணா விரிச்சுக் காயப் போடுங்க, இல்லைன்னா தண்ணி ஊத்தின தகர டப்பாவுல முக்கி மூடி வைங்க. ஆள் வந்து செஞ்சாலும், அவங்க கிளம்புறதுக்கு முன்னாடி துணி எங்க கிடக்குன்னு ஒரு தடவை பாத்துடுங்க.