குறியாக்கத்துக்குக் கட்டுப்பாடு: சாவியைக் கேட்கும் அதிகாரம் யாருக்கு?

(திரையில்: கைப்பேசியில் பேநவ் பணப் பரிமாற்றம்)

தேக்கா ஈரச்சந்தையில் மீன் வாங்கிவிட்டுப் பேநவ் வழியாகப் பணம் செலுத்தும்போது, அந்தத் தகவல் இடையில் எவரும் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யப்பட்டே வங்கியைச் சென்றடைகிறது. வாட்ஸ்அப் செய்தியை அந்த நிறுவனத்தாலேயே படிக்க இயலாது. குற்றவாளிகளுக்கும் இதே பாதுகாப்பு கிடைப்பதால்தான் அரசாங்கங்கள் குறியாக்கத்தைக் கட்டுப்படுத்த முனைகின்றன.

1990களின் முற்பகுதியில் அமெரிக்கா வலுவான குறியாக்க மென்பொருளை, அனுமதியின்றி ஏற்றுமதி செய்யக்கூடாத போர்த்தளவாடப் பட்டியலில் வைத்திருந்தது. அமெரிக்க நிரலாளர் பில் ஸிமர்மன் 1991இல் வெளியிட்ட, மின்னஞ்சலைக் குறியாக்கம் செய்யும் பிஜிபி மென்பொருள் நாட்டுக்கு வெளியே பரவியதால் அவர்மீது தொடங்கிய விசாரணை 1996இல்தான் கைவிடப்பட்டது. ஏற்றுமதியாகும் மென்பொருளில் ஆர்எஸ்ஏ என்ற குறியாக்க முறையில், 512 பிட் நீளத்துக்கு மேற்படாத பலவீனமான சாவிகளே (தகவலைப் பூட்டவும் திறக்கவும் உதவும் எண்கள்) அனுமதிக்கப்பட்டன.

(திரையில்: 2015)

கட்டுப்பாடு தளர்ந்த பின்னரும் அந்தச் சாவிகளை ஏற்கும் நிரல் பல சர்வர்களிலும் பிரவுசர்களிலும் நீக்கப்படாமலேயே கிடந்தது. இடையில் புகுந்த ஒருவர், இரு தரப்பையும் அந்தப் பழைய சாவிக்கு இறங்கிவரச் செய்து, அதைச் சில மணி நேரத்தில் உடைத்துத் தகவலைப் படித்துவிட முடியும் என்பதை 2015இல் ஆய்வாளர்கள் நிரூபித்து, இக்குறைபாட்டுக்கு 'ஃப்ரீக்' என்று பெயரிட்டார்கள். வெளிநாட்டவரை மனத்தில் வைத்துப் புகுத்திய பலவீனம், அமெரிக்க அரசாங்க இணையத்தளங்கள் சிலவற்றையே பாதித்தது.

சிங்கப்பூரின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 40ஆம் பிரிவில், வேறு வழியை நாடுகிறது. விசாரணைக்குத் தேவைப்பட்டால், குறியாக்கத்தை நீக்கும் தகவலை வைத்திருப்பவரிடமே காவல்துறை அதைக் கேட்கலாம். தர மறுப்பவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். எல்லாருடைய பாதுகாப்பையும் குலைக்காமல் சாவியை வைத்திருப்பவரை மட்டும் அணுகுவதால் இதுவே மேலான வழி என்பது என் உறுதியான கருத்து. ஆனால், இதற்கான அதிகாரத்தை வழங்குவது நீதிபதி அல்லர், அரசுத் தரப்பு வழக்கறிஞர். அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். நமது சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தில் அப்படியோர் உரிமை வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை.

எல்லை வகுப்பது இங்கு இயலாத காரியமன்று. கோவிட்-19 தொற்றுத் தடமறிவதற்கு மட்டுமே என்று சொல்லப்பட்ட டிரேஸ்டுகெதர் செயலியின் தரவைக் காவல்துறையும் பெறலாம் என்று 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டபோது மக்கள் கவலையை வெளிப்படையாகவே பேசினார்கள்; அடுத்த மாதமே, 7 வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் அதை வரையறுக்கும் சட்டம் நிறைவேறியது. 40ஆம் பிரிவிலும் அத்தகைய வரையறை வேண்டும். சாவியைக் கேட்கும் ஆணை நீதிபதியின் கையெழுத்தோடு வர வேண்டும்.